கேளுங்கள், சொல்கிறேன்: சித்ர சந்தைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

மார்கழி பாதி தாண்டினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி பெங்களூர் குமாரக்ருபா ரோட்டைப் பற்றித்தான். கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் 2003-ல் ஆரம்பித்த சித்ர சந்தை, அதாவது ஓவியச் சந்தை, அங்கேதான் நடக்கிறது, பெரும்பாலும் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு நாள். சரியான தேதியைப் பரிஷத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், போன வருஷத் தேதியை நம்பிக் கிளம்பிப் போய் வெறும் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, மற்றதை அப்படியே கீழே போட்டிருக்கிறேன்.

நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒருமுறைகூடப் போனதில்லை. படம் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் போனால் அசட்டுத்தனமாக இருக்காதா? எப்படிப் போவது, எத்தனை மணிக்கு? (அல்சூர் வாசகி)

அம்மா, கன்னடத்தில் 'சந்தெ' என்றால் நம் சந்தையேதான். கத்தரிக்காய் வாங்கப் போகிறபோது நமக்கு விவசாயம் தெரியுமா என்று யாராவது கேட்கிறார்களா? 'எல்லோருக்கும் கலை' என்று சொல்லித்தான் இதை நடத்துகிறார்கள். கேலரிக்குள் நுழைந்தால் ஏசி குளிரும் அந்த அமைதியும் நம்மை வெளியே தள்ளும். இங்கே ரோட்டை அடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஓவியர்கள் கம்பியிலும் காம்பவுண்டுச் சுவரிலும் படத்தை மாட்டிவிட்டு, கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பல மாநிலங்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவுக்கு வருகிறார்கள். நூறு ரூபாய் வாழ்த்து அட்டையிலிருந்து லட்ச ரூபாய் கேன்வாஸ் வரை ஒரே நடைபாதையில் இருக்கும்.

அல்சூரிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு. அங்கிருந்து சேஷாத்ரிபுரம் வழியாக நடக்கலாம், முட்டி வலி என்றால் சிவானந்தா சர்க்கிள் வரைக்கும் ஆட்டோ. காரை மட்டும் எடுக்காதீர்கள். சில லட்சம் பேர் வந்துபோகும் நாள் அது, பார்க்கிங் தேடி ரேஸ்கோர்ஸ் ரோட்டைச் சுற்றிக்கொண்டே இருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்ட மனுஷர் ஒருவர் எனக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

காலை ஒன்பதுக்குள் அங்கே இருங்கள். ஓவியர்களுக்கும் அப்போதுதான் பேச நேரம் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும், எந்தப் படத்தின் முன்னாலும் நிற்க முடியாது. காலையில் ஸ்வெட்டர் கேட்கும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எதுவும் வாங்காதீர்கள். பிடித்த படம் எந்த மரத்தடி, எந்தக் கேட்டுக்கு எதிரே என்று போனில் குறித்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள், இரண்டாவது தடவை பார்க்கும்போதும் பிடித்திருந்தால் அதுதான் உங்கள் படம்.

அசட்டுத்தனம் என்றீர்களே, "இதை எதில் வரைந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வரைந்தவரே பக்கத்தில் நிற்கிறார், மீதியை அவரே சொல்லிவிடுவார்.

பத்தாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். ஒரிஜினல் ஆயில் பெயிண்டிங் வாங்க ஆசை. ஆனால் பிரிண்ட்டை ஒரிஜினல் என்று விற்கிறார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒயிட்ஃபீல்டு, ஐடி ஊழியர்)

இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது, ஏனென்றால் நான் ஏமாந்திருக்கிறேன். சந்தையில் இல்லை, பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த 'ஓவிய விற்பனை'யில். மழையில் நனைந்த தெரு, குடை, மஞ்சள் விளக்கு, கேன்வாஸில் கையால் தடவினால் மேடு பள்ளம் தெரிந்தது. ஆயில்தான் என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து ஹாலில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டி, ஒரு வருஷம் கழித்து ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் அதே தெரு, அதே குடை, அதே அளவு. பல்வலி மறந்தேபோய்விட்டது.

நடந்தது என்னவென்றால், படத்தை இங்க்ஜெட் மெஷினில் கேன்வாஸ் மேல் அச்சடித்துவிட்டு, அதன் மேல் நிறமில்லாத ஜெல்லை பிரஷ்ஷால் தடவிவிடுகிறார்கள். காய்ந்ததும் தடவல் தடம் மேடாக நிற்கும், கைக்கு ஆயில் மாதிரியே தெரியும். ஆகவே கையை நம்பாதீர்கள். படத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மேடு ஓடும் திசையும் வரைந்திருக்கும் பொருளும் ஒத்துப்போக வேண்டும், குடையின் விளிம்பு வளைந்தால் வண்ணத்தின் மேடும் வளையணும். குடை ஒரு பக்கம், மேடு ஒரு பக்கம் என்றால் சந்தேகப்படுங்கள். போன் கேமராவைப் பெரிதாக்கி ஒரு மூலையைப் பாருங்கள், சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. அப்புறம், படத்தைத் திருப்புங்கள். கேன்வாஸின் மடிந்த ஓரத்தில் வண்ணம் வழிந்திருக்கிறதா, பென்சில் கோடு இருக்கிறதா, பின்னால் பேர், வருஷம், எதில் வரைந்தது என்று எழுதியிருக்கிறதா. வரைகிறவர்களுக்குத் திருப்பிக் காட்டச் சொன்னால் கோபமே வராது, பலருக்குச் சந்தோஷம்கூட. கோபம் வருகிறதென்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

ஆனால் பிரிண்ட் என்ற சொல்லுக்கே பயப்பட வேண்டாம், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். எச்சிங், மரக்கட்டை அச்சு, லினோகட், ஸ்க்ரீன் பிரிண்ட் எல்லாம் ஓவியரே தகட்டையோ கட்டையையோ திரையையோ தயார்செய்து, மை பூசி, ஒவ்வொரு தாளாக எடுக்கும் அசல் வேலைகள். அடியில் பென்சிலால் 7/25 என்று எழுதியிருந்தால், மொத்தம் 25 எடுத்ததில் இது ஏழாவது என்று அர்த்தம், வலது ஓரத்தில் கையெழுத்து இருக்கும். 'ஏ/பி' என்று இருந்தால் ஓவியர் தனக்காக எடுத்துவைத்துக்கொண்ட பிரதி. உங்கள் பத்தாயிரத்துக்கு ஒரு சுமாரான பெரிய ஆயில் வாங்குவதைவிட, இப்படி இரண்டு நல்ல எச்சிங் வாங்கலாம் என்பேன். ஆயில்தான் கௌரவம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. நல்ல வாட்டர்கலரும் அந்தப் பணத்துக்குள் கிடைக்கும்.

இன்னொன்று, ஜிபேவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அத்தனை பேர் ஒரே ரோட்டில் போனை எடுத்தால் சிக்னல் எங்கே கிடைக்கும், கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

பேரம் பேசலாமா? நான் கே.ஆர். மார்க்கெட்டில் வளர்ந்தவன், பாதி விலைக்குக் கேட்காமல் வாங்கினால் தூக்கம் வராது. (ஸ்ரீராமபுரம், ஓய்வுபெற்றவர்)

சார், 'ஸ்வல்ப கம்மி மாடி', கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் இந்த ஊரில் யாரும் எதையும் வாங்கியதில்லை, அதைச் சொல்லலாம். பாதிக்குக் கேட்காதீர்கள். ஒரு மதுபனி ஓவியர் பீகாரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து, லாட்ஜுக்குக் கொடுத்து, ஒரே ஒரு பகலில் விற்றுவிட்டுத் திரும்பியாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் விலையைக் குறைப்பார், குறைக்கிறார் என்பது எனக்கும் தெரியும், அந்த நேரத்துக்காகக் காத்திருந்து வாங்குகிறவர்களையும் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "இரண்டு எடுத்தால் என்ன விலை?" என்று கேளுங்கள், "ஃப்ரேம் இல்லாமல் தந்தால்?" என்று கேளுங்கள். அவருக்கும் சுமை குறையும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தஞ்சாவூர் ஓவியம் வாங்க நினைக்கிறேன். சந்தையில் மைசூர் ஓவியம் என்றும் இருக்கிறதாம், இரண்டும் ஒன்றுதானே? தங்கம் நிஜமா என்று எப்படி அறிவது? (மத்திகெரே வாசகி)

ஒன்றில்லை, ஆனால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், சாமியும் தங்கமும் இரண்டிலும் உண்டு. தஞ்சாவூரில் பலகை மேல் துணி ஒட்டி, சுக்கான் பொடியையும் கோந்தையும் குழைத்து நகையையும் தூணையும் மேடாக எழுப்பி, கல் பதித்து, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கிருஷ்ணர் குண்டுக் கன்னத்தோடு பலகை முழுக்க நிறைந்திருப்பார். மைசூர்ப் பாணியில் மேடு மெல்லியது, விரலை வைத்தால்தான் தெரியும், கல் பதிப்பதில்லை, கோடு நுணுக்கம், பின்னால் மரமும் வானமும்கூட வரும். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் செழித்த பாணி. இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பூஜை அறைக்கு என்றால் தஞ்சாவூர், கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்றால் நான் மைசூரை எடுப்பேன். தஞ்சாவூர்க்காரர்கள் என்னை மன்னிக்கணும், என் மாமியார் உள்பட.

தங்கத்துக்கு வருவோம். நல்ல வேலையில் 22 கேரட் ரேக்கு ஒட்டுவார்கள். மலிவானதில் பித்தளைத் தாள், அது புதிதாக இருக்கும்போது அசலைவிடப் பளபளக்கும், அங்கேதான் வம்பு. சில வருஷத்தில் கறுக்கவோ பச்சை பிடிக்கவோ ஆரம்பிக்கும். கண்ணால் பார்த்துச் சொல்வது பழகினவர்களுக்கே கஷ்டம், அதனால் பில்லில் '22 கேரட் தங்க ரேக்கு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விலையும் அதற்கேற்ப இருக்கட்டும், தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. எந்த ஊரில், யார் வேலை செய்தது என்றும் கேளுங்கள். செய்தவரே விற்கிறார் என்றால் மேடு எழுப்ப எத்தனை நாள் ஆயிற்று, காய எத்தனை நாள் விட்டார் என்று கதை தானாக வரும், வாங்கி விற்கிறவரிடம் அது வராது. வீட்டில் ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடியை மட்டும் துடையுங்கள்.

பிடித்த படங்களைப் போட்டோ எடுத்து, பெரிதாக பிரிண்ட் போட்டு ஹாஸ்டல் ரூமில் ஒட்டலாமா? மாணவன், காசு இல்லை. (கே.ஆர். புரம்)

தம்பி, நேர்மையாகக் கேட்டதால் நேர்மையாகச் சொல்கிறேன், வேண்டாம். படத்தை விலைக்கு வாங்கினவருக்கே அதை அச்சடித்து விற்கும் உரிமை கிடையாது, எழுதிக் கொடுத்தாலொழிய காப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம். 1957 காப்புரிமைச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு, அசல் ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் வரைந்தவருக்கு அதில் ஒரு பங்கு கேட்கும் உரிமை இருக்கிறது. நிறைய ஓவியர்களுக்கே இது தெரியாது.

போட்டோ எடுக்கணும் என்றால் கேட்டுவிட்டு எடு, அவர் பேரோடு பகிர், பல பேர் சந்தோஷமாக நின்று போஸ் கொடுப்பார்கள். காசு இல்லை என்றால் நூறு, இருநூறு ரூபாய்க்கு போஸ்ட்கார்டு அளவில் அசல் இங்க் ஸ்கெட்ச் விற்கிற கல்லூரிப் பிள்ளைகள் நிறைய உட்கார்ந்திருப்பார்கள், உன் வயசுதான். ஹாஸ்டல் சுவருக்கு அது போதும்.

சந்தையில் வாங்கி சேலத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோகணும். சுருட்டிக் கொடுக்கிறேன் என்கிறார்கள், சுருட்டலாமா? (ஹோசூர் ரோடு)

வண்ணம் மெல்லிசாகப் பூசிய, நன்றாகக் காய்ந்த கேன்வாஸ் என்றால் சுருட்டலாம். வண்ணம் இருக்கும் பக்கம் வெளியே இருக்க வேண்டும், எல்லோரும் உள்பக்கமாகச் சுருட்டுவார்கள், அது தப்பு. நசுங்கி வெடிப்பது அப்படித்தான். மேலே பட்டர் பேப்பர், அகலமான குழாய், ஒல்லியான குழாயில் இறுக்கக் கூடாது. பிளாஸ்டிக் கவரை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றாதீர்கள், அக்ரிலிக் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும், பஸ் லக்கேஜ் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தியால் அப்பிய தடிமனான ஆயிலைச் சுருட்டவே வேண்டாம், ஆயில் மேலே காய்ந்தாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். "எப்போது முடித்தீர்கள்?" என்று அவரையே கேளுங்கள். போன வாரம் என்றால் பலகையோடு அப்படியே மடியில் வைத்துக்கொண்டு போங்கள். தஞ்சாவூர், மைசூர் இரண்டும் பலகைதான், அந்தப் பேச்சே கிடையாது.

வாட்டர்கலர் என்றால் சேலத்தில் ஃப்ரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் பூஞ்சை பிடிக்கும்.

முதலீடாக வாங்கலாமா? (ஜெயநகர்)

நிலம் வாங்குங்கள்.

ஆறு வயசுப் பையனை அழைத்துப் போகலாமா? (பானஸ்வாடி)

காலையில் மட்டும். உட்கார வைத்துப் பத்து நிமிஷத்தில் முகத்தை வரைந்து கொடுக்கிறவர்கள் இருப்பார்கள், அங்கே முதலில் போய்விடுங்கள், வரிசை நீளும். பத்து நிமிஷம் உங்கள் பையன் அசையாமல் உட்காருவதைப் பார்ப்பதற்கே அந்தக் காசு தகும். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள், கூட்டம் அப்படி.

பிப்ரவரியில் ஆபீஸ் வேலையாக மும்பையும் டெல்லியும் போகிறேன். அங்கேயும் இப்படி இருக்கிறதா? (எலக்ட்ரானிக் சிட்டி)

இருக்கிறது, ஆனால் 'இப்படி' இல்லை. மும்பையில் காலா கோடா கலைவிழா, 1999-லிருந்து நடக்கிறது, ஒன்பது நாள், இலவசம். படத்தோடு பாட்டு, நாடகம், கைவினைக் கடை எல்லாம் சேர்ந்த திருவிழா. காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை, குதிரை மேல் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் ராஜா ஏழாம் எட்வர்டின் சிலையை 1965-ல் அங்கிருந்து தூக்கிவிட்டார்கள், பேர் மட்டும் தங்கிவிட்டது. 2017-ல் ராஜா இல்லாத குதிரை ஒன்றை வைத்தார்கள். பக்கத்திலேயே ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி இருக்கிறது. சனி, ஞாயிறு சாயங்காலம் போனால் செல்ஃபி எடுப்பவர்களின் முதுகைத்தான் பார்க்கலாம், வார நாள் மதியம் போங்கள். மாட்டுங்காவில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு ரயில் ஏறினால் ஆச்சு.

டெல்லியில் இந்தியா ஆர்ட் ஃபேர், ஓக்லா என்.எஸ்.ஐ.சி. மைதானத்தில், 2008-ல் வேறு பேரில் ஆரம்பித்தது. டிக்கெட் உண்டு. அங்கே கடை போடுவது பெரும்பாலும் கேலரிகள்தான், ஓவியர் நிற்கமாட்டார், விலையும் சில இடத்தில் கேட்டால்தான் சொல்வார்கள், சொன்னால் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்குப் போங்கள், ஒரே கூரைக்குள் அவ்வளவு பெரிய வேலைகளை வேறெங்கும் பார்க்க முடியாது. வாங்கணும் என்றால் அதே மாதம் ஃபரீதாபாத் பக்கம் சூரஜ்குண்ட் மேளா இருக்கிறது, 1987-லிருந்து, கைவினைஞர்களே உட்கார்ந்திருப்பார்கள், நம் சந்தையின் வாசம் அங்கே கொஞ்சம் அடிக்கும்.

ஒவ்வொரு வருஷமும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பதில்லை. மற்ற நாளில் என்ன செய்வது? (ஜீவன் பீமா நகர்)

பரிஷத் வளாகமே வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது, அடிக்கடி கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ரஷ்ய ஓவியர்களான ரோரிக் அப்பா, பிள்ளை இருவரின் ஓவியங்களுக்குத் தனி அறை இருக்கிறது, நடிகை தேவிகா ராணியை மணந்து இந்த ஊரிலேயே வாழ்ந்த ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கும் அவர் அப்பா நிகலாயும். பேலஸ் ரோட்டில் தேசிய நவீனக் கலைக்கூடம், 2009-லிருந்து, திங்கள் லீவு. அந்த மாளிகைக்கு மாணிக்கவேலு மேன்ஷன் என்று பேர், நம்ம முதலியார் வீடுதான் அது. மரமும் குளமுமாக, படம் பிடிக்காவிட்டாலும் ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டு வரலாம். கஸ்தூர்பா ரோட்டில் 2023-ல் திறந்த மேப் (கலை, புகைப்பட) அருங்காட்சியகமும் இருக்கிறது.

2021-ல் கொரோனாவால் சந்தையையே இணையத்தில் நடத்தினார்கள். நானும் இரவெல்லாம் பார்த்தேன், ஒன்றுகூட வாங்கவில்லை. திருப்பிப் பார்க்க முடியாத படத்தை எப்படி வாங்குவது?

வீட்டில் இருபது வருஷமாகக் கோலத்தை வைத்து கேன்வாஸில் வரைகிறேன். பிள்ளைகள் சந்தையில் கடை போடச் சொல்கிறார்கள். எனக்கெல்லாம் கொடுப்பார்களா? (டாஸ்கர் டவுன் வாசகி)

கேட்டால்தானே தெரியும். பல மாதம் முன்னாலேயே பரிஷத் விண்ணப்பம் கேட்கும், உங்கள் வேலையின் போட்டோக்களை அனுப்ப வேண்டியிருக்கும், பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. போட்டோவை மொட்டை மாடியில் நிழலான இடத்தில் வைத்து எடுங்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் கோலத்தின் வெள்ளை நீலமாகிவிடும். கிடைத்தால் பெரியதாக நான்கு, கையடக்கமாக நாற்பது கொண்டுபோங்கள், வீட்டுச் செலவை எடுத்துக்கொடுப்பது சின்னதுதான். கூட ஒரு பிள்ளையை அழைத்துப்போங்கள், நீங்கள் சாப்பிடப் போகும்போது கடையைப் பார்க்க. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பேர், வருஷம், அக்ரிலிக்கா என்ன என்று எழுதுங்கள், என்னைப் போல யாராவது திருப்பிப் பார்ப்பார்கள். விலையை வீட்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், அங்கே போய் யோசித்தால் கூச்சத்தில் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து பாதிக்குக் கேட்டால், இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள்.